ஆவியைப் பிடித்தவர்கள்!

உறையூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

சோழர்களின் பழைய தலைநகரம் என்பீர்கள். வெக்காளியம்மன் என்பீர்கள். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால், ‘சுருட்டு!’ என்று பளிச்சென்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் திருச்சிச் சுருட்டின் புகை கடல் தாண்டி லண்டன் வரை போயிருக்கிறது. 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் துப்பறிய வந்த கதையிலேயே, வெறும் சாம்பலைப் பார்த்து ‘இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று கண்டுபிடிக்கிறார் மனிதர்!

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது அதே ஊரின் இன்னொரு புகையை. உறையூரில் பஸ் ஏறி, ஊரைக் குறுக்கே கடந்து போனால் பொன்மலை. அங்கே இருக்கும் ரயில்வே பட்டறைக்கும், எங்கோ ஐரோப்பாவில் ஒரு வீட்டு மேஜையில் ஓடும் பொம்மை ரயிலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாக வாருங்கள்... பொம்மையிலிருந்தே ஆரம்பிப்போம்.

இன்றைய பொம்மை ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? சாவி கொடுத்தால் ‘கிர்ர்ர்’ என்று சுற்றிவிட்டு நிற்குமே, அது அல்ல. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு எஞ்சின். கையில் செல்போன். திரையில் விரலால் தள்ளினால் எஞ்சின் மெதுவாக நகர்கிறது. இன்னொரு இடத்தைத் தொட்டால் விசில். மற்றொன்றைத் தொட்டால் புகைபோக்கியிலிருந்து ‘புஸ்... புஸ்...’ என்று ஆவி! சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஆவியும் தாளம் தப்பாமல் வருகிறது.

ஆனால், ஒரு நிமிஷம். உள்ளே ஓடுவது மின்சார மோட்டார். அதற்கு ஆவி எதற்கு? தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றை உண்டாக்குவதற்காகப் பெரிய பெரிய மூளைகள் எல்லாம் எழுபது, எண்பது வருஷமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. வேடிக்கையாக இல்லை?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சரித்திரத்தில் பெரிய ரயில் முதலில் வந்து, அதைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை சார்! பொம்மைதான் முதலில் வந்தது. அதுவும் நிஜ ஆவியோடு.

17-ம் நூற்றாண்டு. சீனாவில் காங்சி சக்ரவர்த்தியின் அரசவை. அங்கே ஃபெர்டினாண்ட் வெர்பியெஸ்ட் என்ற பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் இருந்தார். வானசாஸ்திரத்தில் கெட்டிக்காரர். சுமார் இரண்டடி நீளத்தில் ஒரு குட்டி வண்டி. அதில் தண்ணீர்க் குடுவை, கீழே நெருப்பு. குடுவையிலிருந்து சீறிவரும் ஆவி ஒரு சின்னச் சக்கரத்தில் மோத, அது சுழல, வண்டி ஓடும். இப்படி ஒன்றைச் செய்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். உலகின் முதல் ரயில் புறப்பட அப்போது இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் பாக்கி!

அடுத்து இங்கிலாந்து. 1784. கார்ன்வால் பகுதியில் வில்லியம் முர்டாக் என்ற இன்ஜினீயர். ஜேம்ஸ் வாட்டின் கம்பெனியில் வேலை. மூன்று சக்கரம் வைத்து, ஸ்பிரிட் விளக்கால் சூடாகும் ஒரு குட்டி ஆவி வண்டியைச் செய்தார். ஒரு நாள் ராத்திரி, ஆளில்லாத சந்தில் அதைப் பற்றவைத்து விட்டாராம். அது ‘உஸ்ஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு ஓட, எதிரே வந்த பாதிரியார், ‘சாத்தானே வந்துவிட்டான்!’ என்று அலறினாராம். கார்ன்வாலில் இன்றும் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, வண்டி நிஜம். முதலாளிகளுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ‘வேலையைப் பாருப்பா’ என்று அடக்கிவிட்டார்கள்.

ஆனால், அதே வட்டாரத்தில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற இளைஞரை அடக்க ஆள் இல்லை. அவரும் முதலில் செய்தது சின்ன மாடல்கள்தான். பிறகு பெரிதாகச் செய்தார். 1804, பிப்ரவரி 21... வேல்ஸ் நாட்டின் ஓர் இரும்பாலைப் பாதையில் அவருடைய எஞ்சின் பாரம் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தண்டவாளத்தில் ஓடிய உலகின் முதல் நீராவி எஞ்சின்!

பொம்மை ஒரு நாட்டையே மாற்றிய கதையும் உண்டு. 1854. அமெரிக்கத் தளபதி பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு ஜப்பானுக்குப் போனார். உடன்படிக்கை பேசப் போனவர் கையோடு ஒரு பரிசும் கொண்டுபோனார். நிஜ எஞ்சினில் நாலில் ஒரு பங்கு அளவில் ஒரு நீராவி ரயில்! யோகோஹாமாவில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பெட்டிக்குள் ஆள் நுழைய முடியாது. அதனால் என்ன? ஜப்பானிய அதிகாரி ஒருவர் பெட்டியின் கூரை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். மணிக்கு 20 மைல் வேகத்தில் அங்கி படபடக்கச் சுற்றிச் சுற்றி வந்தார்!

‘ஆஹா, அற்புதம்’ என்று கைதட்டிவிட்டு ஜப்பானியர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. மறு வருஷமே, 1855-ல், சாகா என்ற ஊரில் தனகா ஹிசாஷிகே முதலான சிலர் சேர்ந்து, சாராயத்தில் எரியும் நீராவி எஞ்சின் மாடல் ஒன்றைத் தாங்களே செய்துவிட்டார்கள். அடுத்த 17 வருஷத்தில், 1872-ல், ஜப்பானில் நிஜ ரயிலே ஓடியது. அந்தத் தனகா 1875-ல் டோக்கியோவில் ஆரம்பித்த பட்டறைதான் வளர்ந்து வளர்ந்து பின்னாளில் ‘தோஷிபா’ ஆனது. பொம்மைதானே என்று இனி அலட்சியமாகச் சொல்வீர்களா?

இதே காலத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது?

1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. மறு வருஷம் திருச்சிக்கு நீண்டது. பிறகு ஈரோடு போகும் பாதை. அதில்தான் உறையூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஸ்டேஷனான கோட்டை ஸ்டேஷன். 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அதன் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த நாகப்பட்டினம் பட்டறை, 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறியது. ஒரு மலையடிவாரப் பொட்டல்வெளி, சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கான பேர் நடக்கும் ஊராயிற்று.

பொன்மலை இருக்கட்டும். பொம்மை என்ன ஆனது?

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பித்தளையில் செய்த குட்டி எஞ்சின்கள் விற்றன. நிஜத் தண்ணீர், நிஜ நெருப்பு, நிஜ ஆவி. போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். அதனால் ‘ஒழுகுணி’ என்ற அர்த்தத்தில் அவற்றுக்குச் செல்லப் பெயரே உண்டு. தரைவிரிப்பு நனைந்தால் பரவாயில்லை. எரிந்தால்? அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? மெள்ள மெள்ளச் சாவி எஞ்சின் வந்தது. பிறகு மின்சாரம். குவாலியர் மகாராஜா வீட்டு விருந்து மேஜையில் ஒரு வெள்ளி ரயில், மதுக் குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு விருந்தாளி விருந்தாளியாகப் போய் நின்றதே, அதுவும் மின்சார ரயில்தான்.

மின்சாரம் வந்ததும் நெருப்பு போயிற்று. ஆபத்து போயிற்று. கூடவே ஆவியும் போயிற்று. அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது... ‘ரயில் ஓடுகிறது. ஆனால், ரயில் மாதிரி இல்லையே!’

1946-ல் அமெரிக்காவின் லயோனல் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. எஞ்சினுக்குள் இருக்கும் பல்பின் தலையில் சின்னக் குழி. அதில் ஒரு மாத்திரையைப் போட்டால், பல்பின் சூட்டில் உருகிப் புகை வரும். குழந்தைகள் துள்ளினார்கள். அப்பாக்கள் அதைவிட அதிகமாகத் துள்ளினார்கள்! பிறகு மாத்திரை போய், மெல்லிய எண்ணெயைக் கம்பிச் சுருளால் சூடாக்கும் முறை வந்தது.

ஆனாலும் ஏதோ குறைந்தது. ஊதுவத்திப் புகை மாதிரி அது பாட்டுக்கு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நிஜ எஞ்சின் அப்படியா விடும்?

இங்கேதான் நீங்கள் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிற ‘சிக்குபுக்கு’ இருக்கிறதே, அது வெறும் சத்தம் இல்லை. எஞ்சினின் மூச்சு.

தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். கொதிகலனில் அடைபட்ட அந்த ஆவி, சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளி முடித்த ஆவி, புகைபோக்கி வழியாக ‘புஸ்’ என்று வெளியேறும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும்... ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 4 ‘புஸ்’. வெளியே போகிற அந்த ஆவி சும்மா போவதில்லை. போகும் வேகத்தில் அடுப்பின் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடுப்பு கொழுந்துவிட்டு எரியும். பாரம் அதிகமானால் மூச்சு பலமாகும். மூச்சு பலமானால் நெருப்பு பெரிதாகும். நெருப்பு பெரிதானால் ஆவி அதிகமாகும். மேடு ஏறும்போது தானே மூச்சு வாங்கி, தானே பலம் கூட்டிக்கொள்கிற இயந்திரம்! பாட்டிமார்கள் ரயிலை உயிருள்ள பிராணி மாதிரி பேசியது சும்மா இல்லை.

பொம்மைக்காரர்களுக்கு இது புரிந்த பிறகுதான் பொய்யாவிக்கு உயிர் வந்தது. புகைபோக்கிக்குக் கீழே குட்டியாக ஒரு மின்விசிறி வைத்தார்கள். சக்கரத்தின் சுற்றைக் கணக்கிட்டு, சுற்றுக்கு 4 முறை அது காற்றைத் தள்ளும். நின்றால் மெல்லிய இழை. புறப்பட்டால் குபுக்... குபுக். சமீபத்தில் எண்ணெயே இல்லாமல் தண்ணீரையே பனிமூட்டமாக்கிவிடும் எஞ்சின்களும் வந்துவிட்டன.

செல்போன் எப்படி வந்தது? முன்பெல்லாம் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டினால் வேகம், குறைத்தால் நிதானம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். 1980-களின் கடைசியில் ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் ஒரு வழி கண்டார். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம். அதிலேயே தந்தி அடிப்பது மாதிரி உத்தரவுகளும் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். ‘3-ம் நம்பர், நீ நகரு... 7-ம் நம்பர், நீ விசில் அடி.’ தன் நம்பரைக் கூப்பிட்டால்தான் எஞ்சின் காது கொடுக்கும். இப்போது அந்த உத்தரவு புளூடூத்தில் காற்றிலேயே போகிறது. இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனி 2023-ல் செல்போனிலிருந்தே ஓட்டும் சிப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதே ஹார்ன்பி 2003-ல் ஒரு அசட்டுத் துணிச்சலும் செய்தது. கைக்கு அடக்கமான ‘மல்லார்ட்’ எஞ்சினுக்குள், தண்டவாள மின்சாரத்தாலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, நிஜ ஆவியில் ஓடவிட்டது! பிரமாதம். ஆனால், கையாள்வது சுலபம் இல்லை. தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் விட வேண்டும். சுடும். சொன்ன பேச்சை உடனே கேட்காது. வாங்கியவர்கள் முதல்முறையாக ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்... நிஜ ஆவிக்கு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்!

இதுதான் விஷயம். இந்த ஆளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

பொம்மையில் எல்லாம் இருக்கிறது. ஆவி, விசில், தாளம், அடுப்பின் சிவப்பு வெளிச்சம்கூட இருக்கிறது. யார் இல்லை? ஃபயர்மேன். நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டு, எந்த மூலையில் நெருப்பு மெலிந்திருக்கிறது என்று கண்ணாலேயே அளந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, முகம் வெந்து, முதுகு மழையில் நனைந்து நின்றாரே... அவர் இல்லை. தண்ணீர் மட்டம் அளவுக்குக் கீழே இறங்கினால் கொதிகலன் வெடிக்கும். அவருடைய மறதிக்கு விலை உயிர்.

நமக்கு ‘சிக்குபுக்கு’ சங்கீதம். அவர்களுக்கு அது சோறு. 1928-ல் ஆள்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தமே நடத்தினார்கள். 1946, செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் செத்தார்கள். அமெரிக்காவில் பொம்மைக்கு மாத்திரைப் புகை வந்த அதே வருஷம்!

பிறகு, காலம் மாறியது. 1972-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினை அனுப்பிவைத்தது. 1995-ல் அகலப் பாதையில் நீராவியின் தினசரி ஓட்டம் நின்றது. எஞ்சின்கள் பழைய இரும்பாகப் போயின. அதிர்ஷ்டம் செய்தவை ஸ்டேஷன் வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தப்பட்டன.

அதற்கப்புறம் நடந்ததுதான் சரித்திரத்தின் குறும்பு. 2023, அக்டோபர் 31. குஜராத்தில் ஏக்தா நகருக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே ஒரு பாரம்பரிய ரயிலைப் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். முன்னால் கம்பீரமாக ஒரு நீராவி எஞ்சின். உற்றுப்பார்த்தால்... உள்ளே மின்சாரம்! வெளித்தோற்றம் மட்டும்தான் நீராவி. பொம்மை நிஜத்தைப் பார்த்து வேஷம் கட்டியது போய், நிஜ ரயிலே பொம்மை மாதிரி வேஷம் கட்டிக்கொண்டது!

தப்பு என்று சொல்ல வரவில்லை. புகை இல்லை, கரி இல்லை, சுற்றுச்சூழலுக்கும் நல்லது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், வேஷம் கட்டத் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சி, நிஜம் செய்யத் தெரிந்தவர்கள் யாருமே இல்லாமல் போய்விட்டால்?

இந்தக் கேள்விக்குத்தான் பொன்மலையில் பதில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் உங்களுக்குத் தெரியும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போன பாதை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம். சுமார் 12 அடி போனால் 1 அடி ஏற்றம்! அதில் ஏறுவதற்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்த ‘எக்ஸ்’ வகை எஞ்சின்கள் வந்தன. அவற்றின் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்... சாதாரணச் சக்கரங்களைச் சுற்றிவிட்டு வெளியே வரும் ஆவியை வீணாக்காமல், பல்சக்கரத்தைச் சுற்றும் இன்னொரு ஜோடி சிலிண்டருக்கு அனுப்பும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை!

அந்த எஞ்சின்களில் கடைசியாக வந்தவையே 1952-ஐச் சேர்ந்தவை. வயதாகிவிட்டது. செய்த கம்பெனியும் பழைய உருவில் இல்லை. என்ன செய்வது?

‘நாமே செய்வோம்’ என்று இறங்கியது பொன்மலை. 2011-ல் எண்ணெயில் எரியும் முதல் புத்தம்புது ‘எக்ஸ்’ எஞ்சின் அங்கிருந்து வெளிவந்தது. அடுத்தடுத்து மொத்தம் 4. அதோடு விடவில்லை. 2021 ஆகஸ்ட்டில் நிலக்கரியிலேயே எரியும் எஞ்சினையும் செய்து காட்டினார்கள். உலகம் செல்போனில் பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், பொன்மலையில் ஒரு நிஜ நீராவி எஞ்சின் புதிதாகப் பிறந்தது!

நீராவி எஞ்சின் செய்வது என்றால் முக்கால்வாசி கொதிகலன் செய்வதுதான். கனத்த இரும்புத் தகடுகளை வளைக்க வேண்டும். உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள். ஒரு இணைப்பு கசிந்தாலும் போச்சு. செய்து முடித்ததும் நேராக நெருப்பு மூட்டிவிட மாட்டார்கள். முதலில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திச் சோதிப்பார்கள். தண்ணீர் என்றால் தகடு விட்டாலும் பீய்ச்சும், அவ்வளவுதான். ஆவி என்றால் வெடிக்கும். இதெல்லாம் வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மீதி, செய்தவர்களின் கையில் இருக்கும்.

அந்தக் கைதான் ஆபத்தில் இருப்பது. புகையை மறுபடி உண்டாக்கிவிடலாம். ஒரு விசிறி, ஒரு சிப், ஒரு செல்போன் போதும். கையை அப்படி உண்டாக்க முடியாது. ஒரு தலைமுறை சும்மா இருந்தால், தொழில் மறந்துபோகும்.

இதை உறையூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்க மாலுமி தன் குறிப்பில் ‘அர்கரு’ ஊரின் மெல்லிய துணியைப் பற்றி எழுதினார். அந்த ‘அர்கரு’ உறையூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அப்படி உலகத்துக்கே துணி நெய்த ஊர் இது. தறியோ, சுருட்டோ... இயந்திரத்தில் அச்சு அசலாக அதே மாதிரி வந்த பிறகு, கைத்தொழில்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அந்தத் தெருக்கள் அறியும். ‘அதே மாதிரி’ என்ற வார்த்தைக்குள் எத்தனை குடும்பங்கள் காணாமல் போகின்றன!

அதனால், உங்கள் பையனுக்கு ஆவி விடும் பொம்மை ரயில் வாங்கிக் கொடுங்கள். தாராளமாக! வெர்பியெஸ்ட்டும் முர்டாக்கும் தனகாவும் பொம்மையில் ஆரம்பித்தவர்கள்தான். ஆனால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு லீவு நாளில் மேட்டுப்பாளையம் அழைத்துப் போங்கள். எஞ்சின் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தச் சூடு முகத்தில் அடிக்கட்டும். கண்ணில் கரித்தூள் விழட்டும்.

‘இதுக்கு ஆப் எங்கேப்பா?’ என்று கேட்பான்.

கரி படிந்த சட்டையோடு மேலே நிற்கிறாரே, அவரைக் காட்டுங்கள்!